கடுகு வயலின் இரட்டைப் பட்டை ஈ

சில ஆண்டுகளுக்கு முன், ஜனவரி மாதக் கடைசியில், இராஜஸ்தானத்தின் பரத்பூர்ப் பக்கத்துக் கடுகு வயல்களில் நான் பணியாற்றிக் கொண்டிருந்தபோது, கள உதவியாளர் ஒருவர் ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தார். அதனுள் அசுவினி மொய்த்த கடுகுத் துளிர்கள் இரண்டும், அவற்றின்மேல் ஊர்ந்துகொண்டிருந்த கால்களற்ற புழுக்கள் ஐந்தாறும் இருந்தன. புட்டியில் ஒட்டியிருந்த சீட்டில், ‘கடுகைத் தாக்கும் புதிய புழு’ என்று எழுதப்பட்டிருந்தது. வயலுக்குரியவர் முந்தின நாளே மருந்து தெளித்துவிட்டார் என்றும், புழுக்கள் பெரும்பாலும் மடிந்துவிட்டன என்றும், புட்டியில் உள்ளவை தெளிப்பதற்கு முன் எடுத்து வைத்தவை என்றும் உதவியாளர் மகிழ்ச்சியோடு தெரிவித்தார்.

அன்று மாலை வரை அப்புட்டி மேசைமீதே இருந்தது. மாலையில் நோக்கியபோது, துளிர்களில் ஓர் இலையேனும் கடிபட்டிருக்கவில்லை. ஆனால், காலையில் திரளாக இருந்த அசுவினிகளில் பெரும்பகுதி மறைந்து, உறிஞ்சப்பட்ட வெறுந்தோல்களே ஆங்காங்கு ஒட்டிக்கொண்டிருந்தன. ‘புதிய புழு’ கடுகைத் தின்னவில்லை. கடுகைத் தின்னும் பூச்சியைத் தின்றுகொண்டிருந்தது. இரண்டு வாரங்கள் கழித்து அதே வயலில் அசுவினி மறுபடியும் ஏறியது. அதனை உண்ண வேண்டிய புழுக்களோ அத்துணை விரைவில் மீண்டு வரவில்லை. ஒரு சீட்டில் எழுதப்பட்ட தவறான பெயரால் அவ்வுழவர் மருந்துச் செலவை இரண்டாம் முறையும் ஏற்க வேண்டியதாயிற்று.

அப்புழுக்கள் வளர்ந்து ஈக்களாக மாறியபின் அவற்றின் இனம் ஐயமறத் தெரிந்தது. விஞ்ஞானிகள் அதனை எபிசிர்பஸ் பால்டியேட்டஸ் என அழைப்பர். தமிழில் இதற்கெனத் தனிப்பெயர் வழங்கவில்லை. ஆதலால், அதன் முதன்மையான அடையாளத்தையொட்டி, இக்கட்டுரையில் அதனை ‘இரட்டைப் பட்டை ஈ’ என்றே குறிப்பிடுவோம். களப்பணியாளரும் ஆசிரியரும் இதனைக் கண்டறிதற்குக் கூரிய கண்ணும் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு கைலென்சும் போதுமானவை.

முதலில், நாம் பார்ப்பது ஈதானா என்பதை உறுதி செய்துகொள்ளல் வேண்டும். மஞ்சளும் கருமையுமான பட்டைகளைக் கண்டவுடன் தேனீ என்றோ குளவி என்றோ முடிவு கட்டுவது இயல்பு. அவ்வாறு எண்ணச் செய்வதே அவ்வண்ணத்தின் பயனும் ஆகும். கொட்டும் பூச்சியென்று கருதிப் பறவைகள் இதனை விட்டு விலகுகின்றன. இதற்குக் கொடுக்கு இல்லை. தேனீக்கும் குளவிக்கும் இறகுகள் நான்கு, ஈக்கு இரண்டே. பின்னிறகுகள் இருக்க வேண்டிய இடத்தில், குண்டூசித் தலை போன்ற முனையுடைய இரு சிறு காம்புகள் உள்ளன. பறக்கும்போது உடல் சமநிலை தவறாமல் காப்பவை அவை. தேனீயின் உணர்கொம்பு நீண்டு முழங்கைபோல் மடிந்திருக்கும். இவ்வீயின் உணர்கொம்போ மிகக் குட்டையானது, அதன்மேல் ஒரு மெல்லிய மயிர் நீட்டிக்கொண்டிருக்கும். பிடிக்காமலே அறியவும் வழியுண்டு. பூவின் எதிரே அந்தரத்தில், நூலில் கட்டித் தொங்கவிட்டாற்போல் அசையாது நின்று, சட்டென்று ஒரு பக்கமாக விலகி, மறுபடியும் நிற்கும் பூச்சியைக் கண்டால், அது பெரும்பாலும் சிர்பிட் ஈக் குடும்பத்தைச் சேர்ந்ததாகவே இருக்கும்.

பெரும்பாலும் என்றேனே அல்லாமல் எப்போதும் என்று கூறவில்லை. அந்தரத்தில் நிற்கவல்ல வேறு ஈக்களும் உள்ளன. குடும்பத்தை ஐயமின்றி உறுதிப்படுத்துவது இறகில் உள்ள ஓர் அடையாளமே. இறகை ஒளிக்கு எதிரே பிடித்துக் கைலென்சால் நோக்கினால், அதன் நடுப்பகுதியில் நீளவாக்கில் ஒரு போலி நரம்பு தெரியும். ஏனைய நரம்புகள் ஒன்றோடொன்று இணைந்து கட்டங்களை வகுப்பவை. இதுவோ தொடக்கமும் முடிவும் இன்றி, வெறும் மடிப்பைப்போல, இரு நரம்புகளுக்கு இடையே தனியே கிடக்கும். குறுக்கு நரம்பொன்றை மட்டும் வெட்டிச் செல்லும். மேலும், இறகின் வெளி ஓரத்தை நோக்கி ஓடும் நரம்புகள் ஓரத்தைத் தொடாமல் உட்புறமாக வளைந்து, இறகுக்குள்ளேயே இன்னொரு கரை கட்டினாற்போல் அமைந்திருக்கும். இவ்விரண்டும் ஒருங்கே இருப்பின் அது சிர்பிட் ஈயே. உலகில் இக்குடும்பத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 6,000 இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. இந்தியாவில் மட்டும் 300-க்கு மேற்பட்டவை உண்டு.

இனி நம் ஈயின் தனி அடையாளங்களுக்கு வருவோம். அதன் உடல் நீளம் சுமார் 9 முதல் 12 மில்லிமீட்டர் வரை. ஒல்லியான, சற்றுத் தட்டையான உருவம். முகம் மஞ்சள். கால்களும் பெரும்பாலும் மஞ்சளே. மார்பின் மேற்புறம் வெண்கலச் சாயல் கொண்ட கருநிறமுடையது. அதன்மேல் நீளவாக்கில் மங்கலான சாம்பல் நிறக் கோடுகள் ஓடும். பக்கவாட்டில் ஒளி விழும்படி பூச்சியைத் திருப்பினால்தான் இக்கோடுகள் தெரியும். நேர் ஒளியில் மறைந்துவிடும். மார்பின் பின்கோடியில் உள்ள சிறு கேடயம் போன்ற தகடு மஞ்சளானது. ஆணின் கூட்டுக்கண்கள் தலையின் உச்சியில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். பெண்ணின் கண்களுக்கிடையே தெளிவான இடைவெளி இருக்கும். இவ்விதி இக்குடும்பத்தின் பெரும்பாலான இனங்களுக்குப் பொதுவாகையால், இனத்தை அறிய அன்றிப் பாலை அறியவே இது உதவும்.

இனத்தை அறிவிப்பது வயிற்றுப் பகுதியே. அதன் மேற்புறத்தில் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றை எண்ணுங்கால் கவனம் தேவை; முதல் தகடு மிகக் குறுகலாகக் கேடயத்தின் அடியில் ஒளிந்திருப்பதால், புதிதாகப் பயில்வோர் இரண்டாவதையே முதலாவதென எண்ணிவிடுகின்றனர். மூன்றாம் தகட்டையும் நான்காம் தகட்டையும் நோக்குக. இவை ஒவ்வொன்றின் பின் ஓரத்திலும் ஓர் அகன்ற கரும் பட்டை உண்டு. இஃது ஏனைய பல சிர்பிட் ஈக்களிலும் காணப்படுவதே. ஆனால், நம் ஈயில், அதற்கு முன்னே, ஆரஞ்சு நிறத் தளத்தின்மீது, இரண்டாவதாக ஒரு மெல்லிய கரும் பட்டையும் உண்டு. நடுவில் சற்று மெலிந்தோ, சில வேளைகளில் அறுந்தோ, இருபுறமும் நீண்டு நிற்கும் அதனைச் சிலர் மீசைக்கு ஒப்பிடுவர், பொருத்தமான உவமையே. ஒரு தகட்டுக்கு இரண்டு கரும் பட்டைகள், ஒன்று தடித்தது, ஒன்று மெலிந்தது என்பதே இவ்வீயின் முத்திரை. பால்டியேட்டஸ் என்னும் சொல்லும் கச்சை கட்டியது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே.

பட்டைகளின் அமைப்பை நம்பலாம். நிறத்தின் அடர்த்தியை நம்பலாகாது. இதனை நான் அனுபவத்தால் கற்றேன். பணியில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், ஏறக்குறைய முழுவதும் கறுத்திருந்த ஈ ஒன்றைப் பிடித்து, வேறோர் இனம் என்று பெயரெழுதி மூத்த அதிகாரி ஒருவரிடம் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் லென்சை என் கையில் கொடுத்து, மூன்றாம் தகட்டைக் காட்டினார். இரண்டு பட்டைகளும் அங்கே இருந்தன. அவை அகன்றிருந்தமையால் இடையிலிருந்த ஆரஞ்சு நிறம் ஒரு கீற்றாகச் சுருங்கியிருந்தது. அவ்வளவுதான் வேறுபாடு. கூட்டுப்புழுவாக இருக்கும் பருவத்தில் குளிர் மிகுந்திருந்தால், வெளிவரும் ஈ கருமை மிகுந்திருக்கும். வெப்பம் மிகுந்திருந்தால் வெளிறியிருக்கும். ஒரே தாயின் மக்களைக்கூட வெவ்வேறு வெப்பநிலையில் வளர்த்தால் நிறம் வேறுபடும். ஆகவே வடநாட்டில் ஜனவரியில் கிடைக்கும் ஈயும் மார்ச்சுக் கடைசியில் கிடைக்கும் ஈயும் இரண்டு இனங்கள் போலத் தோன்றினும், பட்டைகளை எண்ணாமல் பெயர் சூட்டுதல் ஆகாது.

இவ்வீயோடு ஒரே வயலில் பறப்பவற்றுள் மிகுதியும் குழப்பம் விளைவிப்பது இஸ்கியோடான் ஸ்குடெல்லாரிஸ் என்னும் இனமாகும். சமவெளிகளில், கடுகு மட்டுமன்றிப் பருத்தி, தட்டைப்பயறு முதலிய பயிர்களிலும் அசுவினியைத் தேடி வருவது இது. அளவும் வடிவமும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும், இதன் வயிற்றுத் தகடுகளில் மீசைப் பட்டை இல்லை. மஞ்சள் வளைவுகளே தெளிவாக நிற்கும். மார்பின் இரு ஓரங்களிலும் பளிச்சென்ற மஞ்சள் விளிம்பு, தூரிகையால் தீட்டினாற்போல் வரம்பு கட்டி ஓடும். நம் ஈயில் அத்தகைய கூர்மையான விளிம்பு இல்லை. ஆண் பூச்சியாயின் ஐயத்திற்கே இடமில்லை. அதன் பின்னங்காலின் அடியில், தொடைக்கு மேலுள்ள சிறு கணுவில், முள் போன்ற ஒரு நீட்சி இருக்கும். இடுப்புப் பல் எனப் பொருள்படும் இஸ்கியோடான் என்னும் பெயர் இதனாலேயே வந்தது.

ஸ்ஃபேரோபோரியா என்னும் பேரினத்து ஈக்கள் இன்னும் ஒல்லியானவை; ஆணின் வயிறு நுனியில் உருண்டை ஒன்றைச் சுமந்தாற்போல் பருத்திருக்கும். ஸ்கேவா பைராஸ்ட்ரி என்பது பருத்த உடலும், கருநிறத்தின்மீது பிறைவடிவான வெண்மை சார்ந்த புள்ளிகளும், மயிரடர்ந்த கண்களும் உடையது. இவற்றைப் பிரித்தறிவது எளிது. எரிஸ்டாலிஸ் வகை ஈக்கள் உருவில் தேனீயையே ஒத்தவை; அவற்றின் புழுக்கள் அழுகிய நீரில் வளர்பவையாதலால், அசுவினி மொய்த்த துளிரில் அவற்றுக்கு வேலையில்லை.

இதனினும் ஆபத்தான குழப்பம் ஒன்று உண்டு. பூசணி, பீர்க்கு முதலிய கொடிகளில் காயைத் துளைத்து முட்டையிடும் பழ ஈயும் மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறத்தது. ஏறத்தாழ இதே அளவினது. தோட்டத்தில் மஞ்சள் நிற ஈ பறப்பதைக் கண்டவுடன் பழ ஈ வந்துவிட்டதென்று அஞ்சுவோர் பலர். பழ ஈயின் இறகு முன் விளிம்பில் கரும்பழுப்புக் கறை படிந்திருக்கும். சிர்பிட் ஈயின் இறகு பெரும்பாலும் கண்ணாடி போல் தெளிந்தது. பெண் பழ ஈயின் வயிற்று நுனியில் முட்டையிடும் குழல் கூர்மையாக நீண்டிருக்கும். அது காயின்மேல் நடந்து திரியும். நம் ஈயோ பூவின்மேல் அமர்ந்து மகரந்தத்தையும் தேனையும் உண்ணும்.

இனி, இது எங்கெங்கு வாழ்கிறது என்பதைக் காண்போம். இரட்டைப் பட்டை ஈயைச் சுவீடன் நாட்டு அறிஞர் சார்லஸ் டி கீர் 1776-இல் விவரித்தார். ஐரோப்பா முழுவதும், வட ஆப்பிரிக்காவிலும், ஆசியாவில் ஜப்பான் வரையிலும், தெற்கே ஆஸ்திரேலியா வரையிலும் இது பரவியுள்ளது. இந்தியாவில் காஷ்மீர் முதலான இமயப் பகுதிகளிலும், கங்கைச் சமவெளியிலும், வங்காளத்திலும், அசாமிலும், தென்னாட்டு மலைகளிலும் காணப்படுகிறது. இந்நாட்டுச் சிர்பிட் ஈக்களை ஒரே நூலில் தொகுத்தவர் என்ரிகோ புருனெட்டி. தொழிலால் இசைவாணராகிய அவர், கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் ஈக்களை ஆராய்ந்தார். பிரிட்டிஷ் இந்திய விலங்கியல் வரிசையில் அவருடைய மூன்றாம் ஈத் தொகுதி 1923-இல் வெளிவந்தது. பழைய நூல்களிலும் அறிக்கைகளிலும் சிர்பஸ் பால்டியேட்டஸ் என்று காணப்படுவது இவ்வீயே. பேரினப் பெயர் பின்னர் மாறியது. நூலகத்தில் தேடுவோர் இரண்டு பெயர்களையும் நினைவில் கொள்க.

வாழிடப் பரப்பு இனத்தை அறிதற்கு எந்த அளவுக்குத் துணை செய்யும்? விலக்குவதற்கு உதவும், உறுதிப்படுத்த உதவாது என்பதே என் கருத்து. எடுத்துக்காட்டாக, நம் பள்ளிகளில் பயன்படும் வண்ணப் படங்களுள் அமெரிக்க நாட்டுப் பூச்சிகளின் படங்கள் பல கலந்துள்ளன. அவற்றுள் டாக்சோமெரஸ் மார்ஜினேட்டஸ் என்னும் சிறு ஈ மஞ்சளும் கருமையுமாக நம் ஈயைப் போலவே காட்சி தரும். அது வட அமெரிக்காவில் வாழ்வது; நம் ஈ அமெரிக்கக் கண்டங்களில் இல்லை. படத்தின் அழகில் மயங்கி அப்பெயரை நம் வயல் ஈக்குச் சூட்டும் ஆசிரியர், பரப்பைச் சற்று எண்ணிப் பார்த்தால் பிழை நேராது. இஸ்கியோடான் ஸ்குடெல்லாரிசுக்கு இஸ்கியோடான் எஜிப்டியஸ் என்றோர் உறவினம் உண்டு; இரண்டும் தோற்றத்தில் மிக நெருங்கியவை. ஒன்று ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும், மற்றது ஆப்பிரிக்காவிலும் வாழ்வன. இங்கும் பரப்பே நமக்கு முதல் வழிகாட்டி.

ஆனால், இரட்டைப் பட்டை கண்டோம், இந்தியாவில் பிடித்தோம், எனவே இது பால்டியேட்டஸ்தான் என்று முடிவுகட்டுவது அவசரமாகும். கீழை நாடுகளில் இதே பேரினத்தைச் சேர்ந்த எபிசிர்பஸ் விரிடாரியஸ் முதலிய இனங்களும் வாழ்கின்றன. அவற்றின் வயிற்றிலும் ஏறக்குறைய இத்தகைய பட்டைகளே உள்ளன. வடநாட்டுக் கடுகு வயலில் இக்குழப்பம் அரிது. தெற்கிலும் கிழக்கிலும், சிறப்பாக மழை மிகுந்த காட்டோரங்களில் பிடித்த ஈயாயின், குறிப்பேட்டில் ‘எபிசிர்பஸ் இனம்’ என்று மட்டும் எழுதி நிறுத்துவதே நேர்மையான முறை. பயிர்ப் பாதுகாப்பைப் பொறுத்தவரை அதனால் இழப்பு ஏதுமில்லை. அறிவியல் பதிவுக்கோ, தவறான முழுப்பெயரைவிடச் சரியான பாதிப்பெயர் மேலானது.

பரப்பைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் கருத வேண்டும். இவ்வீ ஓரிடத்தில் நிலைத்து வாழ்வதன்று. 1950-இல் டேவிட் லாக், எலிசபெத் லாக் என்னும் பறவையியல் தம்பதியர், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையேயுள்ள பைரனீசு மலையின் கணவாயொன்றில் பறவைகளின் வலசையைக் காணச் சென்று, பூச்சிகள் திரள் திரளாகத் தெற்கு நோக்கிப் பறப்பதைக் கண்டனர். சிர்பிட் ஈக்கள் அத்திரளில் இருந்தன. நம் ஈயும் மற்றோர் உறவினமும் சேர்ந்து ஆண்டுதோறும் 400 கோடி வரை தென் இங்கிலாந்தின்மீது வலசை வந்து போகின்றன என 2019-இல் வெளியான ராடார் ஆய்வொன்று தெரிவித்தது. நேபாளத்து இமயப் பள்ளத்தாக்குகளிலும் சிர்பிட் ஈக்களின் வலசை பதிவாகியுள்ளது. சென்ற வாரம் வயலில் ஒன்றுகூட இல்லை, இவ்வாரம் எங்கும் பறக்கின்றன என்று களப்பணியாளர் எழுதினால், அதனை மிகைக்கூற்று என்று மேலதிகாரிகள் தள்ளிவிட வேண்டியதில்லை.

ஈயைக் கண்டறிவதைவிட அதன் புழுவைக் கண்டறிவதே வயலில் முதன்மையானது. தெளிப்பானைத் தோளில் ஏற்றுமுன் உழவர் காண்பது ஈயையன்று, புழுவையே. தாய் ஈ, அசுவினித் திரளின் அருகில், அரிசி நொய் போன்ற நீண்ட வெண்ணிற முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டிச் செல்லும். முட்டை சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளமே உடையது. சில நாட்களில் வெளிவரும் புழு தலைப்பக்கம் கூம்பி, பின்பக்கம் பருத்து, அட்டையைப் போல் நீண்டும் சுருங்கியும் நகரும். உடல் ஏறத்தாழ ஒளி ஊடுருவத்தக்கது; உள்ளேயிருக்கும் கொழுப்பின் வெண்மை தோலின் வழியே தெரியும். கால்கள் கிடையா, தலையென்று தனித்துக் காட்டத்தக்க உறுப்பும் கிடையாது. உடலின் பின்முனையில் மூச்சுவிடும் சிறு குழல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும்.

இலை தின்னும் பச்சைப் புழுவிலிருந்து இதனைப் பிரித்தறிவது மிக எளிது. கம்பளிப்புழு வகையைச் சேர்ந்த எதற்கும் கெட்டியான தலையும், மார்பில் மூன்று இணைக் கால்களும் உண்டு. கைலென்சு இல்லாதவர்கள் ஒரு புல்லின் நுனியால் புழுவைத் தொட்டுப் பார்க்கலாம். இலைப்புழு சுருண்டு விழும், அல்லது கால்களால் இலையைப் பற்றிக்கொள்ளும்; நம் புழுவோ முன்பாதியைத் தூக்கி இப்புறமும் அப்புறமும் துழாவும். கண்ணில்லாத அது, துழாவித்தான் அசுவினியைக் கண்டடைகிறது. கண்டடைந்ததும் வாயிலுள்ள கொக்கிகளால் கவ்வி, இலையிலிருந்து உயரத் தூக்கிப் பிடித்து, சாற்றை உறிஞ்சிவிட்டுத் தோலை எறிகிறது. ஒரு புழு தன் வாழ்நாளில் சில நூறு அசுவினிகளை உண்டுவிடும். இலையில் தார் சிந்தினாற்போல் கரிய கறைகள் காணப்படின், அவை பயிர்நோய் அல்ல, இப்புழுக்களின் கழிவே.

உண்டு முடித்த புழு இலையிலேயே ஒட்டிக்கொண்டு, நீர்த்துளி வடிவான, வைக்கோல் நிறக் கூடாக மாறும். அதன் அகன்ற முனையைத் தொப்பிபோல் திறந்துகொண்டு ஈ வெளிவரும். கூட்டின் பக்கத்தில் ஒழுங்கற்ற துளை காணப்பட்டால், அதிலிருந்து வந்தது ஈ அன்று; டிப்ளசான் லேட்டடோரியஸ் என்னும் சிறு குளவியாகவே பெரும்பாலும் இருக்கும். அக்குளவி சிர்பிட் ஈக்களின் ஒட்டுண்ணி. வெற்றுக் கூடுகளைச் சேகரித்து, தொப்பி திறந்தவை எத்தனை, துளையிடப்பட்டவை எத்தனை என்று எண்ணினால், அடுத்த தலைமுறையில் நமக்கு உதவ எத்தனை ஈக்கள் மிஞ்சும் என்பதை ஒருவாறு கணிக்கலாம்.

கடுகு அசுவினியை இராஜஸ்தானத்து உழவர்கள் ‘சேம்பா’ என்றும், உத்தரப் பிரதேசத்தார் ‘மாஹூ’ என்றும் அழைப்பர். அக்டோபரில் விதைத்த கடுகு பூக்கும் காலத்தில் இது ஏறத் தொடங்கி, ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரியிலும் உச்சத்தை அடையும். சிர்பிட் புழுக்கள் பெருகுவது அதற்குச் சற்றுப் பின்னரே. இந்தப் பிந்துதலே இடர்ப்பாட்டுக்குக் காரணம். அசுவினி மிகக் கடுமையாக ஏறிய வயலில் புழுக்கள் வரட்டும் எனக் காத்திருக்கச் சொல்வது உழவருக்கு நன்மையாகாது; அதனை ஒளிக்காமல் கூற வேண்டும். ஆனால், துளிருக்கு ஒன்றிரண்டு புழுக்கள் ஏற்கெனவே தென்படும் வயலில், மாநில வேளாண் பல்கலைக்கழகம் வகுத்துள்ள சேத எல்லையை அசுவினி எட்டியுள்ளதா என்று எண்ணிப் பார்த்த பின்னரே மருந்தைப் பற்றிப் பேசுவது முறை. தெளித்தே ஆகவேண்டுமாயின், ஈக்களும் தேனீக்களும் பூவில் இருக்கும் முற்பகலை விட்டு, மாலையில் தெளித்தல் நன்று.

ஆசிரியர்களுக்கு இவ்வீ கிடைத்தற்கரிய பாடப்பொருள். கடுகு விளையாத ஊர்களிலும், அசுவினி பிடித்த அவரை, முட்டைக்கோசு முதலியவற்றில் சிர்பிட் புழுக்களைத் தேடலாம். அகன்ற வாயுடைய புட்டியில் ஈரத்தாள் சுற்றிய துளிரொன்றை வைத்து, ஒரே ஒரு புழுவை விட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டிவிடுக. இரண்டு புழுக்களை விட்டால், அசுவினி தீர்ந்தபின் ஒன்றையொன்று தின்றுவிடக்கூடும். நாள்தோறும் எண்ணி வைத்த அசுவினிகளைக் கொடுத்து, மறுநாள் மீதியை மாணவர்களே எண்ணி எழுதட்டும். புட்டியை வெயிலில் வைக்கலாகாது. ஈ வெளிவந்தபின் உடனே பிடித்து உற்று நோக்க வேண்டாம். வெளிவந்த முதல் சில மணி நேரத்தில் அதன் நிறமும் பட்டைகளும் முழுமையாகத் தோன்றுவதில்லை. பெயர் தெரிந்தபின் பிள்ளைகளைக் கொண்டே அதனைத் திறந்து விடச் செய்யலாம்.

பெயர் உறுதிப்படாத ஈயை நிபுணருக்கு அனுப்புவோர், அதனைச் சாராயத்தில் ஊற வைத்தலாகாது. நிறமும் மார்பின் சாம்பற்கோடுகளும் கெட்டுவிடும். உலர்ந்த நிலையில், மார்பின் நடுக்கோட்டிற்குச் சற்று வலப்புறமாக மெல்லிய பூச்சி ஊசியைச் செலுத்துக. நடுவில் குத்தினால் ஒரு பக்க அடையாளம் மறுபக்கத்தோடு சேர்ந்தே அழியும். இறகுகள் வயிற்றை மூடாதபடி விரித்து வைத்தல் வேண்டும். மூன்றாம், நான்காம் தகடுகள் மறைந்திருக்கும் மாதிரியால் எவருக்கும் பயனில்லை. எறும்பு புகாத பெட்டியில் ஒரு பாச்சை உருண்டையுடன் வைத்து அனுப்பலாம். புதுடில்லியில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலுள்ள தேசியப் பூசாத் தொகுப்பும், கொல்கத்தாவில் 1916-இல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகமும் இத்தகைய மாதிரிகளைப் பேணி வருவன.

ஊசியின் அடியில் சிறு சீட்டு ஒன்று இருத்தல் வேண்டும். ஊர், மாவட்டம், கடல் மட்டத்திற்கு மேல் உயரம், நாள், பிடித்தவர் பெயர் ஆகியவற்றை அழியாத மையினால் எழுதுக. அதன்கீழ் இரண்டாம் சீட்டில், எந்தப் பயிரில், எந்த அசுவினியின் நடுவே பிடிக்கப்பட்டது அல்லது வளர்க்கப்பட்டது என்பதைக் குறிப்பிடுக. பூச்சியின் பெயருக்கு மூன்றாம் சீட்டு. அதனை நிரப்பாமல் விட்டு அனுப்புவதில் இழுக்கு ஒன்றுமில்லை.